சம்பந்தத்துக்குக் குரல் கொடுத்தவன்

சம்பந்தம் இருபத்தெட்டு வயதிலேயே கிழவராகிவிட்டார். உடம்பில் அல்ல, மேடையில். லக்ஷ்மிநாராயணனின் நாடகக் குழுவில் கதாநாயகனாக நிற்க அவருக்கு முகவெட்டு போதாது. வில்லனாக நிற்க உயரம் போதாது. காமெடி செய்தால் யாருக்கும் சிரிப்பு வராது. மிச்சமிருந்தது அப்பா வேஷம்தான். தலையில் பவுடரைக் கொட்டி, மூக்குக்கண்ணாடியை மாட்டி, துண்டைப் போர்த்தி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் வாயைத் திறந்து முதல் வசனத்தைச் சொன்னதும், ஒத்திகை நடந்த பள்ளிக்கூடத்து வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

அப்படி ஒரு குரல் அது. கத்தவே மாட்டார். அடித்தொண்டையிலிருந்து நிதானமாகத்தான் வரும். ஆனால் கொட்டகையின் கடைசி வரிசையில் சுண்டல் விற்கிறவனுக்கும் ஒரு எழுத்து விடாமல் கேட்கும். மனிதனுக்கு வாழ்க்கையில் உருப்படியாக ஒன்றுதான் வாய்க்கும் போலிருக்கிறது. சம்பந்தத்துக்கு வாய்த்தது குரல். நிலம் வாய்க்கவில்லை, மாடம்பாக்கத்தில் இருந்ததெல்லாம் மனையாகிப் பங்காளிகளோடு போய்விட்டது. பிள்ளையும் வாய்க்கவில்லை.

வேலை மேற்குத் தாம்பரத்தில், சௌகத் அலியின் மரவாடியில். அறுத்த மரத்துக்கு அளவு சொல்ல வேண்டும். ரம்பம் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. சம்பந்தம் உள்ளேயிருந்து நீளம் அகலம் சொன்னால் வாசலில் லாரியில் இருப்பவன் தப்பில்லாமல் குறித்துக்கொள்வான். "சம்பந்தம் கீறப்போ எனக்கு மைக்கு இன்னாத்துக்குப்பா" என்று சௌகத் அலி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். நாடகம் என்று தெரிந்தால் கேட்காமலே லீவு கொடுத்துவிடுவார்.

வீட்டில் அஞ்சம்மாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் அவள் அடுப்படியில் இருக்கும்போது சம்பந்தம் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கொலை, கொள்ளை, அரிசி விலை, வரி விளம்பரம் எல்லாவற்றையும் ஒரே குரலில் படிப்பார். ஊரில் எவ்வளவோ பெண்கள் புருஷனைக் கண்ணால் பார்த்து மயங்கியிருப்பார்கள். அஞ்சம்மாள் காதால் மயங்கியவள். நாடகத்துக்கு வந்தாலும் பெண்கள் பக்கம் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். "தூங்குறியா?" என்று பக்கத்தில் இருப்பவள் கேட்டால், "அந்தாளு மூஞ்சியத்தான் தெனம் பாக்குறனே" என்பாள்.

குழுவில் கேசவன் என்று ஒருவன் இருந்தான். அனகாபுத்தூர்க்காரன், பல்லாவரத்தில் மருந்துக் கடையில் வேலை. அவனுக்கு மேடையில் வேஷமே கிடையாது. பக்கத்துப் படுதாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, நடிகர்கள் மறந்தால் வசனத்தை எடுத்துக்கொடுக்கிற வேலை. சம்பந்தம் எதையும் மறந்ததில்லை. ஆனாலும் கேசவன் அவர் சொல்லும் ஒவ்வொரு வசனத்தையும் உதட்டுக்குள் கூடவே சொல்லிக்கொண்டிருப்பான். எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் நிறுத்துவார் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். நாடகம் முடிந்து வேனில் திரும்பும்போது சம்பந்தத்தைப் போலவே பேசிக் காட்டுவான். எல்லாரும் சிரிப்பார்கள். சம்பந்தமும் சிரிப்பார். யாருக்குத் தெரியும், இதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று.

எண்பத்து நாலாம் வருஷம் லக்ஷ்மிநாராயணன் ஒரு நாடகம் எழுதினார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு வருஷத்துக்கு ஒன்றாக எழுதித் தள்ளுபவர், இந்தத் தடவை நிஜமாகவே ஒன்றை எழுதிவிட்டார். கண் தெரியாத ஒரு பண்ணையார். வீட்டை விட்டு ஓடிப்போன மகள் பல வருஷம் கழித்து வந்து, பேச வாய் வராமல் வாசலில் நிற்கிறாள். பண்ணையார் அவள் மூச்சுச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து உள்ளே கூப்பிடுகிறார். கதை அவ்வளவுதான். ஆனால் சம்பந்தம் அந்த "உள்ள வா"வைச் சொல்லும்போது சபாவில் மூக்கை உறிஞ்சாத பெண் பிள்ளை கிடையாது.

மாம்பலத்தில் ஒரு சபாவில் நடந்தபோது சினிமா ஆட்கள் வந்து பார்த்தார்கள். கதையை வாங்கினார்கள். கதாநாயகன், மகள் எல்லாம் அவர்களுடைய ஆட்கள். பண்ணையார் மட்டும் இவரே இருக்கட்டும் என்று டைரக்டர் சொன்னார். செய்தி தாம்பரத்துக்கு வந்து சேர்ந்த அன்று சௌகத் அலி ரம்பத்தை நிறுத்தச் சொல்லி, மரவாடியில் இருந்த எல்லாருக்கும் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தார். நாற்பது வயதில் ஒரு மனிதனுக்குக் கதவு திறந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சம்பந்தம் அன்று ஒரு லாரிக்கு அளவைத் தப்பாகச் சொன்னார்.

கோளாறு மேக்கப் டெஸ்டில் வந்தது. தலையை நரைக்க வைத்தார்கள், முகத்தில் சுருக்கம் வரைந்தார்கள், எல்லாம் பொருந்தியது. கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பேசச் சொன்னதும் டைரக்டர் முகம் சுளித்தார். "எழுபது வயசுக் கிழவர்னு சொல்றோம். பல்லப் பாத்தா மாப்பிள்ளைப் பல்லா இருக்கே சார்" என்றார். கறுப்பு மை தடவிப் பார்த்தார்கள். எச்சில் பட்டு விளக்கு வெளிச்சத்தில் மையும் பளபளவென்று மின்னியது. தூரத்திலிருந்து பார்க்கிற நாடகத்துக்குச் சரி, சினிமாவுக்கு ஆகாது. வெளியே வரும்போது மேனேஜர் நைசாகச் சொன்னார்: "வேற ஒரு பெரியவர் இருக்காரு. பல்லே கெடையாது. ஒரு வாரம் கழிச்சு ரெண்டு பேரையும் வெச்சு முடிவு பண்ணலாம்னு டைரக்டர் நெனைக்கிறாரு."

மின்சார ரயிலில் தாம்பரம் வந்து சேரும்வரை சம்பந்தம் நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அஞ்சம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னாய்யா, பைத்தியம் புட்ச்சிகிச்சா ஒனக்கு? நல்ல பல்லப் போயி யார்னா புடுங்குவாங்களா?"

"கேமராவுல தெரியுதாம்."

"தெரிஞ்சா தெரியட்டும். அந்த வேசம் இல்லன்னா ஊட்டுல ஒல கொதிக்காதா? போவாதய்யா. எம்பேச்சக் கேளு."

"நாப்பது வயசாயிப் போச்சு அஞ்சம்மா. இத வுட்டா எனக்கு இன்னொண்ணு வராது."

"வராங்காட்டிப் போவட்டும். மாம்பலத்துல அவ்ளோ சனம் அழுதாங்களே, அது பத்தாதா?"

பத்தாது. எந்த நடிகனுக்குப் பத்தியிருக்கிறது? சபாவில் அழுதவர்கள் பஸ் ஏறினதும் மறந்துபோவார்கள். படம் அப்படியே நிற்கும் என்று அவர் நம்பினார். மறுநாள் அவளிடம் சொல்லாமல் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே இருந்த ஒரு பல் டாக்டரிடம் போனார். அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "கடப்பாறையால நெம்புனாலும் வராத பல்லு. நாப்பது வருஷம் ஒழைக்கும். போங்க" என்று அனுப்பிவிட்டார். சம்பந்தம் விடவில்லை. வேறொரு இடத்துக்குப் போய், வலி பொறுக்க முடியவில்லை, எடுத்தே ஆக வேண்டும் என்று பொய் சொன்னார். அந்த வலியைத் தத்ரூபமாக நடித்தும் காட்டினார். அவர் வாழ்க்கையிலேயே சிறந்த நடிப்பு அதுவாகத்தான் இருக்கும். மேலேயும் கீழேயும் முன்வரிசை முழுக்க எடுத்தாயிற்று.

இப்படி ஒரு முட்டாள்தனத்தை நாடகக்காரனைத் தவிர வேறு எவன் செய்வான்? குரல் தொண்டையில் இருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதில் பாதி பல்லில் இருக்கிறது என்பது பல் போன பிறகுதான் தெரிந்தது.

வேஷம் கிடைத்தது. டைரக்டர் ஸ்டூடியோவில் எல்லார் முன்னாலும் அவரைக் கட்டிப்பிடித்தார். பொக்கை வாயோடு, குழி விழுந்த கன்னத்தோடு, கண்ணை மேலே சொருகிக்கொண்டு சம்பந்தம் உட்கார்ந்தால் அசல் பண்ணையார்தான். வசனம் பேசும்போது மட்டும் காற்று புஸ்ஸென்று முன்னால் போயிற்று. சொல் பின்னால் குழறிக்கொண்டு வந்தது. யாரும் கவலைப்படவில்லை. அந்தக் காலத்தில் படம் பிடிக்கும்போது பேசுவது கணக்கில் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு டப்பிங் தியேட்டருக்குப் போய், திரையில் தன் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே மறுபடி பேச வேண்டும். "டப்பிங்குல பாத்துக்கலாம் சார்" என்றார்கள். சம்பந்தமும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

உடனே பல்செட் கட்டிக்கொண்டார். பேப்பரை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து பழகினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் பல்செட் டக்கென்று தட்டியது. எந்தச் சொல்லும் முன்போல் வாயில் நிற்கவில்லை. அஞ்சம்மாள் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. தலை நிமிராமல் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். நாலைந்து நாளில் பேப்பர் படிப்பது நின்றது. அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் பேப்பர் வாங்கவில்லை.

டப்பிங்குக்குக் கூப்பிட்டார்கள். இருட்டறை, முன்னால் திரை, அதில் அவருடைய முகமே ஆளுயரத்துக்குத் தெரிந்தது. ஒரே காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. அவர் மைக் முன்னால் நின்று பேசினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிப்பதிவுக்காரர் கேட்டார்: "சார், டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வருதே. வாட்ச் ஏதாவது கட்டியிருக்கீங்களா?"

சத்தம் வாட்சிலிருந்து வரவில்லை என்பது சம்பந்தத்துக்குத் தெரியும். இருந்தாலும் மணிக்கட்டிலிருந்து அதைக் கழற்றிப் பையில் போட்டார். மறுபடி ஓடியது, மறுபடி சத்தம் வந்தது. பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். "இப்ப காத்து வருது சார்." மாட்டிக்கொண்டு பேசினார், கழற்றிவிட்டுப் பேசினார், மெதுவாகப் பேசினார், தொண்டையை இறுக்கிப் பேசினார். மத்தியானம்வரை ஒரு காட்சி தேறவில்லை. டைரக்டர் நல்ல மனிதர், கோபமே படவில்லை. "நீங்க போய் ரெஸ்ட் எடுங்க. சொல்லி அனுப்பறோம்" என்றார்.

சொல்லி அனுப்பவில்லை. சம்பந்தம் மரவாடியில் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அளவு சொல்கிற வேலையை சௌகத் அலி வேறொருவனுக்கு மாற்றிவிட்டு, "நீ மேஜையில குந்திகினு பில்லு போடுப்பா, வெயிலு ஜாஸ்தியா கீது" என்றார். அது வெயில் குறைந்த மார்கழி மாதம். தாம்பரம் ஸ்டேஷனில் லக்ஷ்மிநாராயணன் தூரத்தில் இவரைக் கண்டால் அடுத்த பிளாட்பாரத்துக்குப் படியேறிப் போய்விடுவார்.

படம் தாம்பரத்துத் தியேட்டருக்கு வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சௌகத் அலி ஒரு வரிசையையே பிடித்துவிட்டார். தெருவே வந்திருந்தது. சம்பந்தத்துக்குப் பக்கத்தில் அஞ்சம்மாள், புதுப் புடவையில். இன்னமும் அவருக்கு ஒரு நப்பாசை இருந்தது. அன்று பேசியதில் எதையோ எடுத்து, மிஷினில் எதையோ செய்து, ஒப்பேற்றியிருப்பார்கள் என்று.

திரையில் பண்ணையார் வந்தார். வாயைத் திறந்தார். அடித்தொண்டையிலிருந்து நிதானமாக அந்தக் குரல் வந்தது. தியேட்டரில் விசில் பறந்தது. அஞ்சம்மாள் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், கண்ணைத் திறந்து புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இது நீ இல்லியே" என்றாள்.

"சும்மா இரு."

அவர் அதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். மூச்சு வாங்குகிற இடம், நிறுத்துகிற இடம், "உள்ள வா"வுக்கு முன்னால் விடுகிற அந்தச் சின்ன இடைவெளி எல்லாம் அவருடையதுதான். வாய் மட்டும் கேசவனுடையது. சுற்றிலும் ஜனம் அழுதது. வெளியே வந்ததும் ஆளுக்கு ஆள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "அந்தக் கொரலுக்கே காசு குடுக்கலாம்யா" என்றார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சம்பந்தம் வாயைத் திறக்காமல் கும்பிட்டுக்கொண்டே நகர்ந்தார். சௌகத் அலி மட்டும் கையைக் குலுக்காமல் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் கேசவன் நின்றான். அழுதிருந்தான்.

"அண்ணே, லக்ஷ்மிநாராயணன் சார்தான் இட்டுகினு போனாரு. ஒங்களுக்கு ஒடம்பு சரியில்ல, அவசரம்னாரு. எனக்கு ஒண்ணும் புரியலண்ணே. நீங்க எப்டி பேசுவீங்களோ அப்டியேதான் பேசுனேன்."

"நல்லாத்தான் பேசுன" என்றார் சம்பந்தம். பொய்யில்லை. நன்றாகத்தான் பேசியிருந்தான். திட்டுவதற்கு ஒரு இடம்கூட அவன் வைக்கவில்லை.

மறு வருஷம் மாடம்பாக்கத்தில் கோயில் திருவிழாவுக்கு அந்த நாடகத்தைக் கேட்டார்கள். சினிமாப் புகழ் சம்பந்தம் என்று நோட்டீசும் அடித்துவிட்டார்கள். சொந்த ஊர், மாட்டேன் என்று சொல்ல முடியாது. லக்ஷ்மிநாராயணன் வீட்டுக்கே வந்தார். "சம்பந்தம், ஜனங்க எல்லாம் ஸ்க்ரீன்ல கேட்ட வாய்ஸத்தான் எக்ஸ்பெக்ட் பண்ணுவா. கேசவன் வழக்கம்போல சைடுல உக்காரட்டும். கையில ஒரு மைக் குடுத்துடலாம். நீங்க வாய அசைச்சா போதும்" என்றார். சம்பந்தம் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். சொல்லப்போனால் அது சம்மதம்தான். மேடை இல்லாமல் இருப்பதைவிட வாய் மட்டும் அசைப்பது மேல் என்று சம்பந்தம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அன்று மேடையில் அவர் ஊமையாக வாயசைத்தார். படுதாவுக்குப் பின்னாலிருந்து அவருடைய குரல் வந்து ஸ்பீக்கரில் ஊரெல்லாம் கேட்டது. பங்காளிகள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்கள். பாதியில் பெண்கள் பக்கம் அஞ்சம்மாள் எழுந்தாள். புடவையை உதறிக்கொண்டு, யார் காலையும் மிதித்துவிடாமல் பார்த்து நடந்து, வெளியே போய்விட்டாள். சம்பந்தம் கண் தெரியாதவராக நடித்துக்கொண்டிருந்ததால் அந்தப் பக்கம் திரும்பவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "ஊர ஏமாத்திக்க. என்ன ஏமாத்தாத." அதன் பிறகு அவள் எந்த நாடகத்துக்கும் வரவில்லை, அவர் நடித்த எந்தப் படத்துக்கும் போகவில்லை.

படங்கள் வந்தன. பொக்கை வாய்க் கிழவர் வேண்டுமென்றால் கோடம்பாக்கத்தில் சம்பந்தத்தின் ஞாபகம் வரும். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டுச் சாகிற அப்பா, சொத்தை எழுதிவைத்துவிட்டுச் சாகிற தாத்தா, நீதி கேட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் சாகிற விவசாயி. செத்துப்போகிற காட்சியை எடுத்து முடித்ததும் திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைத்து, எழுந்து உட்கார்ந்து சிரிக்கச் சொல்வார்கள். சிரிப்பார். சில படங்களில் கேசவன் பேசினான், சிலவற்றில் வேறு யாரோ பேசினார்கள். படம் வந்தால் பகல் காட்சிக்குத் தனியாகப் போய், இதில் தனக்கு யார் குரல் என்று பார்த்துவிட்டு வருவார். ஒரு படத்தில் கீச்சுக் குரல் ஒன்று வந்தது. அன்று அவருக்குக் கேசவனை நினைத்து ஏக்கமாக இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கேசவன் மருந்துக் கடையை விட்டான். டப்பிங்கே அவனுக்கு வேலையாயிற்று. பெருங்களத்தூரில் ஃபிளாட் வாங்கினான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்று, "அண்ணே, நல்லா கீறீங்களா" என்று கேட்டுவிட்டுப் போவான். அஞ்சம்மாள் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். சம்பந்தத்துக்கு ஐம்பதைத் தாண்டி நிஜமாகவே கிழத்தன்மை வந்தபோது வாய்ப்பு நின்றுபோயிற்று. புதிதாக வந்த சின்னப் பையன்கள் மேக்கப் போட்டுக்கொண்டு கிழவர்களாக நடித்தார்கள். இப்போதெல்லாம் பல்லை அழகாக மறைக்கிறார்களாம்.

இத்தனை வருஷத்தில் வீட்டில் பேச்சு தேய்ந்துபோயிருந்தது. சம்பந்தத்துக்குத் தன் வாயிலிருந்து வருவதைக் கேட்கவே கூச்சம். தலையாட்டுவார், கையைக் காட்டுவார், அதிகம் போனால் ஒரு உம். அஞ்சம்மாளும் வற்புறுத்தவில்லை. அவளுக்குச் சர்க்கரை வந்து கண் மங்கியது. பிறகு சிறுநீரகம் கெட்டது. தொண்ணூற்றேழில் கால், முகமெல்லாம் வீங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் சம்பந்தத்தைத் தனியாகக் கூப்பிட்டு, ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, ஞாபகம் தப்பும், மனசைத் தேத்திக்கொள்ளுங்கள் என்றார்.

ஞாபகம் தப்பியது. ஒரு காலையில் அவர் அவள் கையைப் பிடித்து "அஞ்சம்மா" என்றபோது அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"யார்ரா நீ? ஏன் எங்கையப் புடிக்கிற? எங்கூட்டுக்காரரு எங்க?"

"நாந்தான் அஞ்சம்மா."

"நீ இல்ல. அவரு கொரலு எனக்குத் தெரியாதா? யார்னா அவர இட்டுகினு வாங்களேன்!"

அவள் கத்திய கத்தலில் வார்டே திரும்பியது. கையில் குத்தியிருந்த குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தாள். நர்ஸ் ஓடிவந்து, "பெரியவரே, நீங்க இவங்களுக்கு யாரு?" என்று கேட்டாள். சம்பந்தத்துக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பெண்டாட்டி. பதில் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்துப் படுக்கையில் தன் அத்தைக்குத் துணை இருந்த குல்ஷன்தான், "அவரு வூட்டுக்காரருதாங்க. நாலு நாளா நா பாக்குறேனே" என்று சாட்சி சொன்னாள். அன்று முழுவதும் அஞ்சம்மாள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் வாயைத் திறந்தால் பயந்து நடுங்கினாள்.

மறுநாள் சம்பந்தம் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த டெலிபோன் பூத்துக்குப் போய்ப் பெருங்களத்தூருக்குப் போன் செய்தார்.

"கேசவா, ஒரு டப்பிங் கீது."

"இன்னா படம்ணே? நீங்க நடிச்சிகினு கீறீங்களா?" அவன் குரலில் நிஜமான சந்தோஷம் இருந்தது.

"படம் இல்ல. ஆஸ்பத்திரிக்கு வா."

கேசவன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் வராந்தாவிலேயே நின்றுவிட்டான். "வேணாண்ணே. அண்ணிகிட்டயா? அவங்களுக்குத் தெரிஞ்சிடும். அந்தத் தியேட்டர்ல அத்தினி பேர்ல அவங்க ஒருத்தருக்குத்தான தெரிஞ்சிது?"

"தெரிஞ்சா திட்டட்டும். செருப்பால அடிக்கட்டும். தெரிஞ்சிதுன்னா அதுக்கு நெனவு வந்துடுச்சின்னு அர்த்தம்."

இதைச் சொல்லும்போதுதான் சம்பந்தத்துக்கே தன் மனசு புரிந்தது. அவள் ஏமாற வேண்டும் என்று கேசவனைக் கூப்பிடவில்லை. ஏமாறாமல் இருக்கமாட்டாளா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

பகல் வெளிச்சம் ஜன்னல் வழியாகப் படுக்கையில் விழுந்துகொண்டிருந்தது. சம்பந்தம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கேசவன் அவள் தலைமாட்டில், பார்வைக்குப் படாதபடி நின்றான். என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சம்பந்தம் அவன் காதில் முணுமுணுக்க, அவன் பேச வேண்டும். எடுத்துக்கொடுக்கிறவன் வேலை இப்போது சம்பந்தத்துக்கு வந்திருந்தது.

"அஞ்சம்மா" என்றது குரல்.

அடித்தொண்டையிலிருந்து நிதானமாக வந்தது. புரண்டுகொண்டிருந்தவள் அசையாமல் கிடந்தாள். சம்பந்தம் அவள் முகத்தையே பார்த்தார். இதோ, இது நீ இல்லியே என்று சொல்லப் போகிறாள். புடவையை உதறிக்கொண்டு எழுந்துவிடப் போகிறாள்.

"எங்கய்யா போயிட்ட?" என்றாள் அஞ்சம்மாள். "எவனோ வந்து கையப் புடிக்கிறான்."

அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதில் இறங்கியது. கையை நீட்டித் துழாவினாள். சம்பந்தம் தன் கையைக் கொடுத்தார். அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு இருந்த அந்த ஒரு நம்பிக்கையும் விட்டுப்போயிற்று. கேசவன் காதில் அடுத்ததைச் சொன்னார்.

"இங்கதான் கீறேன். எங்கயும் போவல" என்றான் கேசவன்.

"போவாதய்யா. அந்தப் பல்லு டாக்டருகிட்ட போவாத. எம்பேச்சக் கேளு."

கேசவன் அடுத்த வசனத்துக்காகக் குனிந்தான். சம்பந்தத்துக்கு வசனம் கிடைக்கவில்லை. எதையும் மறக்காதவர் அவர். இப்போது ஒரு சொல் வரவில்லை. அவள் மறுபடி கையை உலுக்கினாள்.

"போவலன்னு சொல்லேன்."

கேசவன் அவரைப் பார்த்தான். அவர் உதட்டைக் கடிக்க நினைத்திருப்பார். கடிக்கப் பல் இல்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"போவல அஞ்சம்மா. நீ வேணாண்ட்ட பெறவு போவேனா?"

இரண்டாவது வரியைக் கேசவன் தானாகச் சேர்த்துக்கொண்டான். அஞ்சம்மாள் நெடுநாள் கழித்துச் சிரித்தாள். சிறிது நேரத்தில் தூங்கிப்போனாள். கேசவன் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதான். சம்பந்தம் அவன் பின்னால் போகவில்லை. பிடித்த கையை விட்டால் அவள் விழித்துக்கொள்வாளோ என்று அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கேசவன் அடுத்த நாளும் வந்து பேசினான். அதற்கடுத்த நாள் அவள் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் காது கேட்டது. சம்பந்தம் தெரியாமல் ஒரு வார்த்தை முனகினாலும் அவள் விரல்கள் சுருங்கி விலகின. அதனால் அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். பேசாமல் இருந்தவரை அவள் கை அவர் கையில் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம் அஞ்சம்மாள் போனாள். நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, டாக்டரைக் கூட்டிவந்தாள். அவரும் பார்த்துவிட்டு, ஆயிற்று என்று சொன்னார். அவர்கள் நகர்ந்த பிறகுதான் சம்பந்தம் வாயைத் திறந்தார். பொக்கை வாயால், காற்று முன்னால் போக, சொல் பின்னால் குழற, அவள் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.